சுருதி இறங்கியபோது உயர்ந்த கை

போன கிழமை என் பேத்தி கொழும்பில் நடந்த ஓர் ஆராதனை மாநாட்டுக்குப் போய்வந்தாள். பயணக் களைப்பு ஆறுமுன்னரே கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அப்பப்பா, இதப் பாருங்க" என்றாள். பேசியவர்களைப் பற்றி அவளிடம் தீர்ப்புகள் தயாராக இருந்தன. ஒருவர் சூப்பர். இன்னொருவர் பரவாயில்லை, ஆனால் இழுவை. பாட்டுக்குழுவைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தவள், சொல் கிடைக்காமல் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள்.

படத்தில் நீல வெளிச்சம். ஒரு மண்டபம் நிறைந்த சனம் கண்ணை மூடிக் கையை உயர்த்தி நின்றது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். அது துடைத்த கண்ணாடிதான். உயர்த்திய கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு அந்த நாட்கள் மண்ணெண்ணெய் வாசத்தோடுதான் வரும். பெற்றோல்மாக்ஸ் விளக்குக்குக் காற்றடிக்கும்போது எழுகிற அந்த வாசம். அதோடு புதுத் தென்னோலைக் கிடுகின் பச்சை வாசம், ஓய்வில்லாமல் வீசுகிற கச்சான் காற்றில் மண்ணின் வாசம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓகஸ்ட் விடுமுறையில் கல்முனை மிஷன் பள்ளிக்கூடத்து வளவில் கிடுகுப் பந்தல் போட்டு எங்கள் சபை ஒரு பெரிய கூட்டம் நடத்தியது. 'கொன்வென்சன்' என்றுதான் எல்லோரும் சொன்னோம். தம்பிலுவிலிலிருந்துகூடச் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம் பாய், பெண்களுக்கு ஒரு பக்கம் பாய், பெரிய மனிதர்களுக்குக் கதிரை. அக்கரைப்பற்று முதலாளி ஒருவர் பற்றரியில் வேலைசெய்கிற ஒலிபெருக்கியை வாடகைக்குக் கொடுத்திருந்தார். அதன் குழலைத் தென்னையில் உயரக் கட்டினார்கள். அது கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

வேலிக்கு வெளியேயும் ஒரு கூட்டம் இருந்தது. கடை பூட்டிவிட்டு வந்த முஸ்லிம் ஆட்கள், சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி பாட்டுக் கேட்டார்கள். பிரசங்கம் தொடங்கினால் போய்விடுவார்கள், பாட்டுக்குத் திரும்பவும் வருவார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கும் அதே ஆசைதான். பாவம், அவர்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டவர்கள்.

நான் அப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் இளம் வாத்தியார். வேலை நிரந்தரமாகவில்லை. அதை நிரந்தரமாக்க வேண்டியவர் பள்ளிக்கூட மனேஜராகவும் இருந்த எங்கள் போதகர். கொழும்பு வழியாக வந்திருந்த வெள்ளைக்காரப் பிரசங்கியாருக்குத் தமிழில் மொழிபெயர்க்க அவர் என்னை நிறுத்தினார். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுவது ஒன்று. கோட்டுப் போட்டு வியர்வை வழிய நின்று ஒருவர் கத்தும் ஆங்கிலத்தை ஊர் முன்னால் தமிழாக்குவது வேறு. முதல் நாள் என் தொண்டை காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அவர் அழுத இடத்தில் சனம் கொட்டாவி விட்டது. அவர் சிரித்த இடத்தில் ஒரு குழந்தை அழுதது.

கூட்டம் கலைந்ததும் தேத்தண்ணிக் கொட்டிலில் விமர்சனம் நடந்தது. நான் கிடுகுக்கு இந்தப் பக்கம் நின்றதை அவர்கள் காணவில்லை.

"வெள்ளக்காரன் கைய ஆட்டி ஆட்டி என்னமோ பெரிசாத்தான் சொல்றான். நம்மட வாத்தியார் வாய்க்க வந்து அது செத்துப்போகுது."

"காலையில கதைச்ச யாழ்ப்பாணத்து ஐயா?"

"அவர்ர பிரசங்கம் நல்லந்தான். பாய்தான் முதுகில அச்சுப் பதிஞ்சிட்டு."

"அப்ப என்னத்துக்குக் கா நாளைக்கும் வாறாய்?"

"பெட்டிக்காரருக்கு வாறன். அந்த மனிசன் வாசிச்சா மயிர்க்கூச்செறியுது."

பெட்டிக்காரர் என்றது ஆர்மோனியம் வாசித்த ஆதம்லெவ்வைக் காக்காவை; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். எங்கள் சபையில் வாசித்தவர் திருகோணமலைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மருதமுனைப் பக்கத்து நெசவாளியான ஆதம்லெவ்வைக் காக்கா சுற்றுவட்டார நாடகங்களுக்கெல்லாம் ஆர்மோனியம் வாசிப்பவர். எங்களுடையது காலால் மிதிக்கிற ஆர்மோனியம். தறி மிதித்த கால்களுக்கு அது விளையாட்டு. எந்தக் கீர்த்தனையானாலும் ஒருமுறை கேட்டால் போதும். கூலி வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அந்தியில் மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வர விடவேண்டும்.

"நீங்கள் எங்கட பாட்டுக்கு வாசிக்கிறது உங்கட ஆக்களுக்குப் பரவாயில்லையா?" என்று ஒத்திகையில் கேட்டேன்.

"பாட்டு ஒங்கட பாட்டு தம்பி. நான் காத்த மட்டுந்தான் மிதிக்கிறன்" என்று சிரித்தார்.

பாங்கு சொல்லும் நேரம் எங்கள் ஒலிபெருக்கியை நிறுத்துவோம். யாரும் கேட்டு நிறுத்தியதில்லை, அது அப்படித்தான். காக்கா எழுந்து போவார். திரும்பி வரும்போது முழங்கையில் தொழுகைக்கு வுழூ செய்த தண்ணீர் காய்ந்திராது. ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு உட்கார்வார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாடக மேடையில் பழகியது. பாடுகிறவர்களின் சுருதி இறங்கினால் வலது கையால் வாசித்தபடியே இடது கையை உயர்த்துவார். சுருதி ஏறும்வரை அந்தக் கை இறங்காது. பாட்டுக்குழுவை நடத்திய தையல் ரீச்சர் கிறேசும் பெண்பிள்ளைகளும் அதை இரண்டாம் ஒத்திகையிலேயே கற்றுக்கொண்டார்கள். நானும் அறிவேன். நான் ஒத்திகைக்குப் போனது பாட்டுக்காக மட்டும்தான் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். கிறேஸ் ரீச்சர் பின்னாளில் என் மனைவியானார்.

கடைசி நாள் மாலை. அன்று எனக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை. நாக்கு இளகிவிட்டது. பிரசங்கியார் காணாமற்போன மகனைப் பற்றிப் பேசினார். என் தமிழ் அவருக்கு முன்னால் ஓடியது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கொட்டிலில் என்னைக் கிழித்த அதே மனிதர் குனிந்து விசும்பினார். ஒரு கூட்டம் என் குரலுக்கு அசைவதை வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்டேன். அந்த மயக்கத்தை மறைக்க விரும்பவில்லை.

பிரசங்கியார் எல்லோரையும் கண்மூடச் சொன்னார். மனந்திரும்புகிறவர்கள் கையை உயர்த்தட்டும், வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்றார். பாட்டுக்குழு மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்கியது. மேடையில் நானும் அவரும் மட்டும் கண் திறந்திருந்தோம். இல்லை, இன்னொருவரும் திறந்திருந்தார். ஆர்மோனியக்காரர்.

பிள்ளைகள் அழுதுகொண்டு பாடினார்கள். அழுதால் சுருதி நிற்குமா? இறங்கியது. காக்காவின் இடது கை உயர்ந்தது. பிள்ளைகளின் கண்கள்தான் மூடியிருக்கின்றனவே! யாரும் காணவில்லை. கை இன்னும் உயர்ந்தது. கடைசியில் தோள் வலிக்குமளவுக்கு நேரே வானத்தைப் பார்த்து நின்றது.

பிரசங்கியார் அதைக் கண்டார். அவர் முகம் மாறியது. என் தோளைப் பிடித்து, அந்தச் சகோதரர் மனந்திரும்பிவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கள்ளமில்லாத மனிதர், கண்டதை நம்பினார்.

எனக்குத் தெரியும். அந்தக் கை எதற்கென்று எனக்குத் தெரியும். அவர் காதில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். முன்னால் சனம் கண்மூடி என் குரலுக்குக் காத்திருந்தது. போதகரும் கதிரையில் முன்னே சரிந்து காத்திருந்தார். நான் ஒலிவாங்கியில் சொன்னேன்: "நமக்காக வாசித்த அந்தச் சகோதரரே இதோ கையை உயர்த்தி ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்."

அந்தக் கணம் கிறேசின் கண் திறந்தது. உயர்ந்த கையைக் கண்டு குரலை ஏற்றினார், பிள்ளைகளும் ஏற்றினார்கள். சுருதி கூடிவிட்ட மகிழ்ச்சியில் காக்கா தலையசைத்துச் சிரித்தார். கண் திறந்த சனம் அந்தச் சிரிப்பைத்தான் கண்டது. "ஸ்தோத்திரம்" என்று பந்தல் அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் என் வார்த்தை அவருக்கு உறைத்தது. கால் மிதிப்பதை நிறுத்தியது. ஆர்மோனியம் ஒரு நீண்ட முனகலோடு அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வேதாகமத்தைப் புரட்டினேன். எந்தப் பக்கம் என்று கேளாதீர்கள்.

வேலியோரம் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கடைத்தெரு முழுக்க என் குரல் போயிருந்தது.

மறுநாள் காலையில் காக்கா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, என்ட மகள்ர மாப்பிள்ள ஊட்டார் கலியாணத்த நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. பள்ளி மரைக்காமார் ஒங்கள வந்து கேப்பாங்க. சுருதி எறங்கினா நான் கை தூக்கிற எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்."

"ஓம் காக்கா, கட்டாயம் சொல்றன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் போனதும் கிறேஸ் வந்தார். "மாஸ்டர், அந்தக் கை எங்களுக்குத்தானே? நீங்கள் போதகர் ஐயாட்ட சொல்லுவீங்கதானே? இல்லாட்டி நான் சொல்லட்டா?"

"நீங்கள் சும்மா இருங்க. நான் பார்த்துக்கொள்றன்."

அன்றிரவு யோசித்தேன். போதகரிடம் சொன்னால் என்ன சொல்வார்? பிரசங்கியார் மட்டக்களப்பிலும் இதைச் சொல்லிவிட்டாராமே. கூட்டத்தின் பெரிய பலன் என்று எல்லோரும் பேசுவது இதைத்தானே. என் வேலை?

பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காமார் இரண்டு பேர் பள்ளிக்கூட விறாந்தைக்கு வந்தார்கள். மிக மரியாதையாக வந்தார்கள். போதகரும் பக்கத்தில் வந்து நின்றார். மூத்தவர் கேட்டார்:

"வாத்தியார், நாங்க சண்டைக்கு வரல்ல. ஒரு கேள்விதான். ஆதம்லெவ்வ கை தூக்கினானா?"

"ஓம், தூக்கினார்."

"ஒங்கட கண்ணால கண்டயளா?"

"கண்டேன்."

அவர் சற்றுக் காத்திருந்தார். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்தார்போலும். என் வாயிலும் அது வந்து நின்றது. போதகரின் செருப்பு நிலத்தில் உரசிய சத்தம் கேட்டது. நான் எச்சிலை விழுங்கினேன், அதோடு அதையும் விழுங்கினேன். "சரி, அல்லாஹ் போதுமானவன்" என்று அவர்கள் புறப்பட்டார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை அன்று முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். நன்றாகப் படித்தவனுக்கு இப்படியெல்லாம் சொல்லிக்கொள்ளத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு காக்கா தன் ஊர்ப் பள்ளிவாசலில் எல்லோர் முன்னிலும் கலிமா சொல்லித் தன் மார்க்கத்தை மறுபடி உறுதிசெய்தார். இனி ஆர்மோனியத்தைத் தொடுவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் வாக்குக் கேட்டார்கள். கொடுத்தார். கலியாணம் நடந்தது. கலியாண வீட்டிலிருந்து ஒரு பையன் எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தான். "காக்கா சொல்லச் சொன்ன: வாத்தியார் கேட்டதுக்குத்தான் பதில் சொன்னாராம், அவரோட கோவமில்லையாம்." அந்த இனிப்பை நான் வாயில் வைக்கவில்லை. எறியவும் முடியவில்லை. அடுத்த அறைக்காரனிடம் கொடுத்தேன். அந்த வருடமே என் வேலை நிரந்தரமாயிற்று.

பல வருடங்களுக்குப் பிறகு அவரை ஒருமுறை கண்டேன். கல்முனைச் சந்தியில் பஸ்ஸுக்குக் குடையை ஊன்றி நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. பேரன் பேத்தி, தறி, நெல் விலை என்று கதைத்தோம். இப்போது சொல்வேன், இப்போது சொல்வேன் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். தெருவுக்கு அப்பால் எங்கள் சபைக் கோயிலில் ஒரு கலியாணம். பிள்ளைகள் பாடினார்கள். இரண்டாம் அடியில் சுருதி இறங்கியது. குடைப்பிடியிலிருந்து அவருடைய இடது கை மெல்ல எழுந்தது. தோளளவுக்கு வந்தது. அவரே அதைக் கண்டார், என்னையும் கண்டார். கையைக் கீழே இறக்கி, திரும்பவும் குடைப்பிடியில் வைத்துக்கொண்டார்.

"பஸ் வருகுது தம்பி" என்றார்.

அவர் மவுத்தாகிவிட்டார். கிறேசும் போய்விட்டாள். கோயிலில் யாராவது சுருதி தவறினால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்; நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. கால் ஆர்மோனியத்தைக் கறையான் தின்றது. அந்த வளவுக்கு இப்போது மதில் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு நகர்ந்துபோன சைக்கிள்கள் அதற்குப் பிறகு எங்கள் பாட்டுக்கு வந்து நிற்கவேயில்லை.

"பாட்டு எப்பிடி அப்பப்பா?" என்று பேத்தி கேட்டாள்.

"அந்தக் கரையில நிக்கிற பிள்ளைக்குச் சுருதி இறங்குது" என்றேன்.

"அதெல்லாம் இப்ப மெசினே சரியாக்கிரும்" என்று சொல்லிவிட்டு அவள் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். உயர்ந்த கைகளுக்குள் நான் ஒரு இடது கையைத் தேடிக்கொண்டிருந்தேன்.