ஒரே எண்ணில் இரண்டு எஞ்சின்

பஞ்சவர்ணம் கோபப்பட்டால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் அவருடைய பட்டறைக்குக் கார் கொண்டுவருகிறவர்கள் அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் பயப்படுவார்கள்.

பத்தொன்பது வயதில் கிள்ளானில் ஒரு பஸ் பட்டறையில் பாகங்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர். ஏழே வருடத்தில் டீசல் எஞ்சின்களைத் தனியாகப் பிரித்துக் கட்டினார். பிறகு பிரிக்பீல்ட்ஸ் வக்கீல் ஒருவரின் பழைய ஜாகுவார் அவர் கைக்கு வந்தது. ஆறு சிலிண்டர், மேலே வால்வுகளைத் திறந்து மூட இரண்டு கேம்ஷாஃப்ட். போர்க்காலத்தில் தொழிற்சாலைக் கூரையில் தீக்காவல் இருந்த பொறியாளர்கள் பேசிப் பேசி உருவாக்கிய எஞ்சின் என்று படித்துத் தெரிந்துகொண்டார். 1948-இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. பந்தயக் கார், பணக்காரர்களின் சொகுசுக் கார், கடைசியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறிய டாங்கி வரை எல்லாவற்றையும் இழுத்தது. அன்றிலிருந்து பஞ்சவர்ணத்துக்கு வேறு எஞ்சின் பிடிக்கவில்லை.

அம்பாங் முத்தையா மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் செட்டியார் வீட்டுக்காரர். நீண்ட மூக்கோடு பச்சை நிறத்தில் ஒரு ஜாகுவார் ஈ-டைப் வைத்திருந்தார், 1966-ஆம் வருடத்து வண்டி. கெந்திங் மலை ஏறும்போது வெப்ப முள் சிவப்பைத் தொட்ட பிறகும் நிறுத்தாமல் ஓட்டி, எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கை வெடிக்கவிட்டார். பஞ்சவர்ணம் வேறொரு ஜாகுவாரின் பிளாக்கை வாங்கி, பதினான்கு மாதம் உழைத்து எஞ்சினைக் கட்டிக் கொடுத்தார். அதில் பொறித்திருக்கும் எண் இந்தக் காரின் எண் அல்ல என்று அப்போதே சொன்னார்.

"ஓடினா போதும் லா," என்றார் முத்தையா.

இந்த வருடம் அவருக்குக் காரை விற்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் பிறந்தபோது இருந்த எஞ்சினோடு வரும் காருக்குத்தான் மதிப்பு.

"பழைய நம்பரை இதுல அடிச்சுக் குடுங்க அக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். வண்டிய எடுத்துட்டுப் போங்க."

இரண்டு மாதம் கழித்து ஷா ஆலம் பழைய கார் கண்காட்சியின் விற்பனைத் தாள் பஞ்சவர்ணத்தின் கைப்பேசிக்கு வந்தது. பச்சை ஈ-டைப்பின் படத்துக்குக் கீழே, தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின், இன்றுவரை யாருடைய கையும் பட்டதில்லை என்று எழுதியிருந்தது.

முதல் பாதி திருட்டுத்தனம். இரண்டாவது பாதியை அவர் மூன்று முறை படித்தார். அந்த எஞ்சினைக் கட்டும்போது கேம் செயின் நசுக்கிய மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. யாருடைய கையும் படவில்லையாம்.

வெடித்த பழைய பிளாக் பட்டறையிலேயே கிடந்தது. மறுநாள் காலை லோரிக்காரர் சின்னையாவின் உதவியோடு அதை ஏற்றிக்கொண்டு ஷா ஆலம் போனார். தள்ளுவண்டியில் வைத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பச்சைக் காரின் பக்கத்தில் நிறுத்தினார். பூச்சோங்கைச் சேர்ந்த டாக்டர் இந்திரா, காரை வாங்கும் எண்ணத்தோடு எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் ஃபில்டருக்கு மேல நம்பர் இருக்கும், டாக்டர். படிங்க," என்றார் பஞ்சவர்ணம். "இப்ப இதையும் படிங்க."

இந்திரா இரண்டையும் படித்தார். ஒரே எண்.

முத்தையா அவசரமாக இடையில் வந்தார். "அக்கா, வெளிய போய்ப் பேசலாம்."

"என்ன பேசறது? யாரு கையும் படலன்னு எழுதியிருக்கீங்க. பேய் வந்தா கட்டிக் குடுத்துச்சு?" குரல் அவ்வளவு தாழ்ந்திருந்ததால் பக்கத்தில் நின்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.

இந்திரா காரை வாங்காமல் போய்விட்டார். காரைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பேச்சு வாங்கியது பஞ்சவர்ணம்தான். நாலு பேர் முன்னால் பெரிய மனிதரை அவமானப்படுத்தலாமா என்று மூன்று வாடிக்கையாளர்கள் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எண்ணை மாற்றியதைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதை நினைத்து நினைத்துப் பல நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து, சின்னையாவின் இழுவை லோரியில் அந்தப் பச்சைக் கார் மேருவுக்கு வந்தது. கூடவே இந்திரா.

"உண்மைய எழுதிக் கையெழுத்துப் போட்டா வாங்கிக்கிறேன்னு முத்தையாகிட்ட சொன்னேன். போட்டுட்டாரு. கட்டினது நீங்கன்னும் எழுதச் சொன்னேன்."

பஞ்சவர்ணம் நன்றி சொல்லவில்லை. காரின் அடியில் படுத்து ஆயில் ஃபில்டரைக் கழற்றி, எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரும்புத் தூள் மின்னியது.

"ஃபில்டரைக் கழட்டிட்டு நம்பரை இழைச்சவன் தூளைத் துடைக்கக்கூட இல்ல. எல்லாம் உள்ள போயிருக்கு," என்றார் தாழ்ந்த குரலில். "மறுபடி முழுசாப் பிரிக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டு, பானெட்டைத் தூக்கச் சின்னையாவைக் கூப்பிட்டார்.