மருமகள் வசனம்

நாடு சுதந்திரம் வாங்கிய புதிதில், ரேடியோவுக்குத் தமிழ் நாடகம் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் வீட்டுக்காரர் அவர்களில் ஒருவர். பகலில் மலாக்கா டவுனில் கணக்கு எழுதும் கிராணி வேலை, சாயங்காலம் காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் நாடகம். பெண்கள் பேசும் வசனத்தையெல்லாம் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். என் நாக்கில் தடுக்கும் வரியைப் பேனாவால் அடித்துவிடுவார்.

ஒருநாள் படித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். மாமியாரைக் காட்டி மருமகள் விருந்தாளியிடம் சொல்கிறாள்: "இவங்க துணி துவைக்க வர்றவங்க."

நிஜத்தில் அதைச் சொன்னது என் வீட்டுக்காரர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் என் அத்தை, அவருடைய அம்மா, எங்களைப் பார்க்க வந்திருந்த நேரம், இவருடைய மேலதிகாரி மனைவியோடு வந்துவிட்டார். பெற்ற தாயை அப்படிச் சொன்னார் மனிதர். அத்தை வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தேநீர்த் தட்டோடு நின்ற எனக்குக் கூசிப்போயிற்று.

"இது நீங்கள் சொன்னதாயிற்றே" என்றேன். மருமகள் சொன்னால்தான் நாடகத்தில் எடுபடும் என்றார். என்ன நெஞ்சழுத்தம்!

நாடகம் ஒலிபரப்பானது. தெருவே கேட்டது. அவர் வீட்டு நடப்பைத்தான் எழுதுவார் என்பது ஊரறிந்த விஷயம். காய்கறி வாங்கப் போனால் பசாரில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு அக்கா முகம் கொடுக்கவில்லை. அவரை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாராட்டினார்கள். செய்யாத குற்றத்துக்கு நான் முக்காடு போடாத குறையாக நடந்தேன்.

அடுத்த முறை அத்தை வந்தபோது அழுதுவிட்டேன். அவரும் தோட்டத்து ரேடியோவில் கேட்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் பேரு கெட்டுப் போயிடும்மா. நீ சொன்னதாவே இருந்துட்டுப் போவட்டும்."

அவமானப்பட்டவரே கேட்கும்போது நான் என்ன சொல்ல? சரி என்றேன்.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் காலமான பிறகு நடந்த நினைவுக் கூட்டத்தில், அந்த நாடகத்தைக் கேட்டுத்தான் எழுத வந்தோம் என்று இரண்டு மூன்று எழுத்தாளர்கள் சொன்னார்கள். சொந்த வீட்டையே விட்டுவைக்காத துணிச்சலாம். அவர்களில் ஒருவர் முன்வரிசையில் இருந்த என்னிடம் வந்து, "அம்மா, அந்த மருமகள் வசனத்தை ஒரு தடவ பேசிக் காட்டுங்களேன்" என்றார்.

எழுந்து நின்று பேசிக் காட்டினேன். நாக்கில் தடுக்கவே இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.