மீரான் பாயின் மெதுவான ரெக்கார்டுகள்

மீரான் பாய் போய்விட்டார். நேற்று மத்தியானம், தாராவி ஒர்க்‌ஷாப்பிலேயே... ஹார்ட் அட்டாக். அடக்கமும் நேற்றே முடிந்துவிட்டது.

எங்கள் ரசிகர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா இவர்?

தெரியாதவர்களுக்காக... பாய் தாராவியில் லெதர் பேக் தைக்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், வீடு சீத்தா கேம்ப். நான் செம்பூரில் வளர்ந்து, சர்ச் கொயரில் கிட்டார் வாசித்து, இப்போது ஐரோலியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். எங்களுக்குள் இருந்த ஒரே சம்பந்தம் ஒரு வெள்ளைக்கார கிட்டார்காரர்.

அவர் பெயரைப் போட மாட்டேன். போட்டால் அஞ்சலியை விட்டுவிட்டு, எந்த ஆல்பம் பெஸ்ட் என்று கமெண்டில் ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு.

அவர் பெரிய ஆளாவதற்கு முன்னால், கூலிக்கு ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் மற்றவர்களுக்கு வாசித்துக் கொடுத்த பாட்டுகள் உண்டு. இதெல்லாம் நெட்டில் வராத காலத்தில் அந்தப் பாட்டுகள் உள்ள நாலு ரெக்கார்டும், எங்களுக்குத் தெரிந்து, பம்பாயில் பாயிடம் மட்டும்தான் இருந்தன.

ரெக்கார்டைத் தொடக்கூட விட மாட்டார். கேசட்டில் பதிந்து தருவார்... காலி கேசட் நம்முடையது, கூடவே மாட்டுங்காவில் அரைத்த காபிப் பொடி கால் கிலோ. இதில் சிக்கரி கலந்திருந்தால் கேசட் ஒரு மாதம் தாமதமாகும்.

அந்தப் பாட்டுகளில் கிட்டார் ரொம்பக் கீழே, கனமாக ஒலிக்கும். ஆரம்ப காலத்தில் அந்தக் கிட்டார்காரர் கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் வாசித்திருக்கிறார் என்பது பாயின் கட்சி. இல்லை, அது வேறு பெரிய கிட்டார் என்பது என் கட்சி.

ஒரு தடவை பாய் சொன்னது சரியா என்று பார்க்க, நானும் கம்பியைத் தளர்த்திக்கொண்டு பூசையில் வாசித்தேன். அவ்வளவு கீழே யாராலும் பாட முடியவில்லை. ஃபாதர் ஒரு பாட்டு முழுக்கப் பொறுத்துக்கொண்டார்.

ஒரு பாட்டில் பாடுகிற அம்மாவுக்கு அப்படியே ஆம்பளைக் குரல். அதற்கும் பாயிடம் விளக்கம் இருந்தது. "சிகரெட்டு."

ஒர்க்‌ஷாப்பிலும் அந்தக் கேசட்தான் ஓடும். கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கும் சோலோ வந்தால் பாய் கையைத் தூக்குவார், எல்லா மெஷினும் நிற்க வேண்டும், ஆர்டர் கொடுக்க வந்தவர் உட்பட யாரும் பேசக் கூடாது. டெலிவரி லேட் ஆனதற்கு இதையே காரணமாகச் சொன்ன ஒரே முதலாளி அவராகத்தான் இருக்கும்.

இருபது வருடம் இந்தச் சண்டை நடந்தது. எங்கள் இரண்டு பேரையும் மியூட் செய்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரியும்.

இந்த வருடம் அந்தப் பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து நெட்டில் விட்டார்கள். ஆபீஸ் கேன்டீனில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன்... கிட்டார் சாதாரணமாக இருந்தது. பாட்டு ஓட்டமாக ஓடியது. அந்த அம்மாவுக்குச் சின்னப் பெண் குரல்.

அப்புறம்தான் புரிந்தது. பாயின் ரெக்கார்டு பிளேயர் அவர் மச்சான் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. அந்த ஊர் கரண்ட் வேறு மாதிரி, அதற்கென்று செய்த மோட்டார் நம் ஊர் கரண்டில் மெதுவாகத்தான் சுற்றும், குரலும் கிட்டாரும் கனத்துக் கீழே இறங்கிவிடும்.

ஆக, அந்த வெள்ளைக்காரர் கம்பியையும் தளர்த்தவில்லை, பெரிய கிட்டாரும் வாசிக்கவில்லை. அந்த மெஷினில் ஓடியதே இந்த நாலு ரெக்கார்டுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குரூப்பில் இன்ஜினியர்கள் மட்டும் மூன்று பேர்!

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? பாயின் கேசட், நெட்டில் வந்த பாட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிரிக்கிற பொம்மை நாலு போட்டு, குரூப்பில் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பாயிடமிருந்து ஒரே ஒரு வாய்ஸ் நோட். "ஏ புள்ள, நெட்ல போட்டவன் வேகத்தக் கூட்டிட்டான். என் மெஷின்ல ஒரு கொறையும் கெடையாது." அவ்வளவுதான், குரூப்பை விட்டு வெளியே போய்விட்டார்.

முன்பும் நாலைந்து தடவை கோபித்துக்கொண்டு போயிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் திரும்பி வந்துவிடுவார். இந்தத் தடவை வரவில்லை. ஐந்து மாதம்.

நானும் ஃபோன் பண்ணவில்லை. இருபது வருடத்தில் ஒரு தடவையாவது "நீ சொன்னது சரி" என்று அவர் வாயால் கேட்க வேண்டும் எனக்கு. அதற்காகத்தான் வீம்பாக இருந்தேன்.

இன்று காலை சீத்தா கேம்ப் போனேன். பெண்கள் இருந்த உள்ளறையில் உட்காரச் சொன்னார்கள். அலமாரி மேலே அந்த ரெக்கார்டு பிளேயர், பாயே தைத்த லெதர் உறையோடு. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

பாயின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். குரூப்பை விட்டு வந்த அடுத்த வாரமே, பக்கத்து கல்லியில், அந்தச் சந்தில் இருக்கிற லேத் பட்டறைக்குப் போய், அந்த மோட்டாருக்குக் கொஞ்சம் பெரிய சக்கரமாகக் கடைந்து வாங்கிவந்து மாட்டினாராம். கதவைச் சாத்திக்கொண்டு நாலு ரெக்கார்டையும் சரியான வேகத்தில் கேட்டாராம். பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பழைய சக்கரத்தையே மாட்டிவிட்டாராம்.

"ஸ்டெல்லா சொன்னதுதான் சரி, அவகிட்ட மட்டும் சொல்லிராதன்னாவ. நானும் சொல்லாமலே இருந்துட்டேன்மா."

ஒரு வாய்ஸ் நோட் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் பாய் உங்களுக்கு? எனக்குந்தான் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்...

வீட்டுக்கு வந்து பழைய கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறேன். அதே ஆம்பளைக் குரல் அம்மா. சோலோ வந்தபோது மிக்ஸியை நிறுத்திவிட்டேன்.

போய் வாருங்கள் பாய்.

கமெண்டில் இன்றைக்கு மட்டும் யாரும் ஸ்பீடைப் பற்றிப் பேசாதீர்கள்.