மாமியின் கையில் இருந்த மூடி

என் மேசையில் ஒரு ரேடியேட்டர் மூடி கிடக்கிறது. பித்தளை, ஓரமெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. பள்ளிமுனையில் மாமி கண்மூடும்வரை அது அவருடைய தலையணைக்குக் கீழேதான் இருந்தது.

யுத்தகாலத்தில் ஒரு பகல், அடம்பனுக்குக் கிட்ட மாமாவின் கார் கொதித்து நின்றது. அவர் மூடியை லேஞ்சித் துணியால் பிடித்துத் திருகியெடுத்து மாமியிடம் கொடுத்தார். "இதை வைச்சிரும், தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்." தண்ணீர்க் கானோடு வயல் பக்கம் போனவர்தான், வரவேயில்லை. தேடாத இடமில்லை. அன்று காலை, பயணம் நல்லபடியாய் முடியவேண்டுமென்று, ரேடியேட்டருக்குள் ஒரு கை மடு மாதா கோயில் மண் போட்டிருந்தார் மாமி. எங்கள் ஆட்கள் காவலுக்கென்று அந்த மண்ணைக் கிணற்றில் போடுவார்கள், வீட்டு அத்திவாரத்தில் போடுவார்கள். காருக்குப் போட்டது மாமி ஒருவர்தான். தன்னையாவது அது காப்பாற்றியது என்ற நம்பிக்கையில்தான் அவர் இத்தனை காலமும் சோறு தின்றார்.

வருடக்கணக்காய்க் கொட்டிலில் கிடந்த அந்தக் காரைத் திருத்தியே தீருவதென்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். புது அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி, மிஞ்சிவரும் தண்ணீருக்கு ஒரு போத்தல், எல்லாம் பூட்டியாயிற்று. இனிக் கொதிக்கவே கொதிக்காது என்றார் கராஜ்காரர். பழைய ரேடியேட்டரை அவர் அறுத்துக் காட்டியபோது, குழாய் முழுக்கச் சிவப்பு மண் இறுகிக் கிடந்தது. கார் அன்று ஏன் கொதித்தது என்று எனக்கு விளங்கியது. மாமியிடம் மூச்சுக்கூட விடவேண்டாமென்று அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

முதல் ஓட்டத்துக்கு மாமியும் வந்தார், அன்று இருந்த அதே இருக்கையில். வெப்பமுள் நடுவிலேயே நின்றது. அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். எஞ்சினை நிறுத்தினேன், விசிறி மட்டும் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. சூடு தணியும்வரை அப்படித்தான் சுற்றும், எனக்குத் தெரியும். தெரிந்தும் மயிர் கூச்செறிந்தது. அதுவும் ஓய்ந்தபின் வயலில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

மாமி வயலையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, பழசுக்குள்ள மண் இருந்ததோ?"

"இல்லை மாமி."

அவர் என் பக்கம் திரும்பினார். கைப்பைக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்து விரித்து, அதிலிருந்த மூடியை என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது. ஐயோ என்று உதறிவிட்டேன். அவர் குனிந்து, லேஞ்சியால் அதைப் பொறுக்கி எடுத்தார்.

"அண்டைக்கும் இவ்வளவு சூடுதான்" என்றார்.

மூடி இப்போது குளிர்ந்துதான் கிடக்கிறது. ஆனாலும் லேஞ்சி இல்லாமல் நான் அதைத் தொடுவதில்லை.