எண்ணக் கூடாத மூச்சு

அந்தப் பொம்பளையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

யுத்த காலம். ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பருத்திப்பட்டு கிராமத்து விவசாயி ஒருவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, குளோரோஃபார்ம் மயக்கத்தோடு கட்டிலுக்கு வந்தார். தெளியும்வரை அவர் மூச்சுக்கு நான் பொறுப்பு. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பில் வைத்து எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்று அப்படிப் பழக்கியிருந்தார்கள். மயக்கத்தில் இருப்பவரிடமும் என் கை அதே பழக்கத்தில் போனது.

அவர் மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாடி, எம்புருசன் கையப் புட்சிகினு மாரையே பாத்துகினு கீறே?"

"மூச்சை எண்றேம்மா."

சொன்னதுதான் தப்பு.

"மூச்ச எண்றியா? நீ இன்னா எமனா?"

போர்வையை அவர் தலைவரை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலை மறித்து நின்றாள். பெரிய சிஸ்டரிடம் ஓடினேன். "சத்தம் வராம சமாளி, இல்லாட்டி ஊட்டுக்குப் போ" என்றார். அவரையும் நான் மன்னிக்கவில்லை.

திரும்பி வந்து போர்வையை விலக்கினேன். முகம் கன்றிச் சிவந்து, வேர்த்து ஒழுகியது.

"பாத்தியா, மூஞ்சில களை வந்துகீது" என்றாள்.

களையாம் களை! வெளியே போக வேண்டிய கரியமில வாயு உள்ளேயே தங்கினாலும் முகம் அப்படித்தான் சிவக்கும். ஒரு நிமிஷத்துக்கு ஆறு மூச்சுதான் வந்தது. பிறகு அதுவும் குறட்டையாகி நின்றது. நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைத்துவிட்டது.

இரண்டு கையாலும் அவர் தாடையை முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"ஐயோ, கழுத்த நெரிக்கிறாளே!" என்று என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் குத்தினாள். பயத்தில் அழுதேன். கையை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் செத்துவிடுவார். பெரிசாக ஒரு மூச்சு வந்தது, அப்புறம் வரிசையாக வந்தது. டாக்டர் வந்து அவளை விலக்கினார். அதற்குள் மூச்சு சீராகிவிட்டதால் டாக்டர் பார்த்தது சண்டையை மட்டும்தான்.

சில நாளில் அந்த மனிதர் நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாள் பெரிய சிஸ்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். நான் கழுத்தை நெரித்தேன் என்று புகார். என்னைத் துணி மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

புகாரின் அடியில் அந்த விவசாயியின் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று விழுந்திருந்தது. உயிரோடு இருந்தால்தானே கைநாட்டு வைக்க முடியும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் துணி மடிக்கப் போய்விட்டேன்.