நாற்பது அம்மன் பாட்டும் மூன்று கிறிஸ்துமஸ் பாட்டும்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், என் அலுவலகத்தில் ஆளாளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பட்டியல் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். இதைக் கேள், அதைக் கேள் என்று ஒரே அன்புத் தொல்லை. என்னைக் கேட்டால் மூன்று பாட்டுகள் சொல்வேன். மூன்றும் அருமையானவைதான், ஆனால் அவற்றை நினைத்து நான் ஒன்பது நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பசுமலைப் பக்கம் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் அப்பா பூசாரி. அடுத்த தெருவில் இருந்த என் தோழி வீட்டார் கிறிஸ்தவர்கள். அவளுடைய அண்ணன் கம்ப்யூட்டர் நிறையக் கிறிஸ்துமஸ் பாட்டுச் சேர்த்து வைத்திருந்தான். அதில் மூன்று எனக்கு உயிர். பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது ஒன்று, வயலின் மட்டும் வாசிப்பது ஒன்று, ஒரு பெண் ஆர்மோனியத்தோடு தாலாட்டு மாதிரிப் பாடுவது ஒன்று. அந்தப் பெண் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். உடனே திரும்பவும் கேட்க வேண்டும் போலிருக்கும். வீட்டு டிவியில் போட்டுக் கேட்கலாமே என்று அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு போய் மூன்றையும் ஏற்றி வந்தேன். அதில் ஏற்கெனவே நாற்பது அம்மன் பாட்டுகள் இருந்தன, என் மூன்றும் கடைசியில் சேர்ந்துகொண்டன.

ஆசை தீரக் கேட்டுவிட்டு அந்த அண்ணனிடமே அழிக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. அப்பா பென் டிரைவைக் கோயில் ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

அந்தப் பெட்டி முந்தின நாள் எந்தப் பாட்டில் நின்றதோ, அதற்கு அடுத்த பாட்டிலிருந்து தொடங்கும். விடியற்காலையில் நாளுக்கு ஐந்து பாட்டு. நாற்பதை ஐந்தால் வகுத்தேன். கணக்கில் எப்போதும் கோட்டைவிடுகிற எனக்கு அன்று மட்டும் விடை சரியாக வந்து தொலைத்தது. ஒன்பதாம் நாள் தெருவே என் பாட்டைக் கேட்கும்.

கோயில் கமிட்டித் தலைவருக்கு அப்பாவைக் கண்டாலே ஆகாது. நடை திறக்க நேரமானதற்கு இரண்டு முறை எல்லார் முன்னாலும் வைதுவிட்டு, இன்னொரு தப்பு நடந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்றும் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் நடுங்கியது அதற்கல்ல. அப்பா முதுகுத் தோலை உரிப்பார், மிச்சமிருந்தால் அம்மன் கண்ணைக் குத்துவாள். என் கவலை அவ்வளவுதான். தினமும் போர்வைக்குள் கிடந்து விரல்விட்டு எண்ணினேன். ஐந்தாவது பாட்டு முடிந்து ஒலிபெருக்கிக் குழாய் ஓய்ந்த பிறகுதான் மூச்சே வரும். ஆறாம் நாள் அப்பாவிடம் சொல்லிவிடுவதென்று பக்கத்தில் போய் நின்றேன். “என்ன தாயி?” என்றார். ஒன்றுமில்லை என்று ஓடிவந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் படுத்திருக்க முடியாமல் கோயிலுக்கே போனேன். பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அப்பா பெட்டியைத் தட்டிவிட்டு உள்ளே போய்ச் சூடம் ஏற்றினார். குழாயில் அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள், மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலகனைப் பற்றி. தட்டோடு திரும்பிய அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். ஆரத்தியைப் பாதியில் விட முடியாதே. அவர் முடித்துவிட்டு வந்து நிறுத்துவதற்குள் பாட்டு முழுதாக ஒலித்துவிட்டது.

தலைவர் பைக்கில் வந்து இறங்கினார். “மார்கழியில என்னய்யா கூத்து இது? யாரு போட்டது?”

“நாந்தேன்ணே,” என்றார் அப்பா. “கேக்க நல்லாருந்துச்சுன்னு ஏத்தி வச்சேன்.”

தூணுக்குப் பின்னால் நின்ற எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மாட்டிக்கொண்டது நானில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அடி விழுமென்று இரண்டடி தள்ளியே நடந்தேன். மொத்தம் எத்தனை ஏற்றினாய் என்று கேட்டார், மூன்று என்றேன். தெரு திரும்பும்போது, “அந்தப் பிள்ளை நல்லாத்தேன் பாடுது,” என்றார்.

தை பிறந்ததும் கோயில் நடையை வேறொருவர் திறந்தார். அப்பா காலையில் வீட்டிலேயே இருந்தார். எனக்குத் தலைசீவி விட்டார், பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே வந்தார். அம்மன் என் கண்ணைக் குத்தாததோடு அப்பாவையும் எனக்கே கொடுத்துவிட்டாளே என்று, அந்தத் தை மாதம் முழுக்க நான் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.