ஒரு காதால் கேட்ட அறை

குரோம்பேட்டையில் ஒரு மாடி ஸ்டுடியோவில் என் வீணையைப் பதிவு செய்யப் போயிருந்தேன். ஒலிப்பதிவாளர் நரைத்த முடியை கிளிப் போட்டுத் தூக்கியிருந்த ஒரு பெண்மணி. தனக்கு வலது காது கேட்காது என்று நான் போனவுடனே சொல்லிவிட்டார். யார் பேசினாலும் இடது காதைத் திருப்பிக்கொள்வார்.

வீணைக்குப் பக்கத்தில் ஒரு மைக் இருந்தது. அறையின் ஒலியைப் பிடிக்கத் தள்ளி வைக்கும் ஜோடி மைக்கைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் என்னை வாசிக்க வைத்தார். பிறகு ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு, ஹெட்போனை மாற்றிப் போட்டு மறுபக்கத்தையும் இடது காதாலேயே கேட்டார். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு விரல் எரிந்தது. "இதுவே நல்லாத்தான் இருக்கு அக்கா, போதுமே."

"வீணை நல்லா கேக்குது சார். ஆனா அது ஒரு ரூம்ல இருக்கிற மாதிரியே தெரியல. இன்னொரு ஜோடி பாத்துடலாம்."

கடைசியில் ஒரு பழைய ஜோடியைப் பின்சுவரோரம் உயரத்தில் வைத்தார். ஹெட்போனை என்னிடம் நீட்டி, "ரெண்டு பக்கமும் சேர்ந்து எப்படி இருக்கு?" என்றார்.

மீட்டிய நாதம் என்னைச் சுற்றிப் பரவி மெல்ல அடங்கியது.

"ரூம் நடுவுல உக்காந்திருக்கேன் அக்கா."

"அப்போ ரெகார்ட் பண்ணிடலாம்," என்றார்.

இரண்டு காதும் சேர்ந்தால்தான் கேட்கும், தன்னால் கேட்கவே முடியாத ஒன்றை அவர் எப்படி விடாமல் தேடிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.